தாடியோடு ஒரு படம்

நவம்பர் 21, வெள்ளி. ஆலங்குடி.

இன்று என் மகன் சேகருக்கு முதல் வருடத் திதி. பெங்களூரிலிருந்து அவனுடைய நண்பர்கள் மூவர் வந்தார்கள். மூவரும் பருமன், மூவருக்கும் அடர்ந்த தாடி. வாசலை அடைத்து நின்றபோது ஒரே ஆள் மூன்றாக நிற்பது போலிருந்தது.

மாலை போட்ட படத்தைப் பார்த்து இளையவர், “இவரு சேகர் அண்ணனோட தம்பிங்களாம்மா?” என்றார்.

“நம்ம சேகர்தான்டா,” என்றார் நரைத்த தாடிக்காரர். பிறகு என்னிடம், “பொங்கலுக்கு ஊருக்கு வந்துட்டுப் போனா ஒரு மாசம் கண்ணாடியே பாக்க மாட்டாருங்கம்மா. ஆம்பளைய விரும்புற ஆம்பளைங்கள்லயும் ஒல்லியா, மழுமழுன்னு இருந்தாத்தான் மதிப்பு. எங்கள மாதிரி குண்டும் முடியுமா இருக்கவங்க அமெரிக்காவுல எண்பதுகள்லயே தனியாக் கூடுனாங்க, கரடின்னு பேரு வச்சுக்கிட்டு. பெங்களூர்ல எங்கள ஒண்ணாக் கூட்டுனது சேகர்தான். பன்னெண்டு வருஷம் நானும் அவரும் ஒரே வீடுங்க.”

நான் பாயசம் எடுக்க உள்ளே போய்விட்டேன்.

தாடியோடு என் படி ஏறாதே என்று ஒருமுறை சொல்லியிருந்தேன். அதன்பின் பஸ் ஸ்டாண்டு சலூனில் மழித்துவிட்டுத்தான் வருவான். உடல் வந்தபோதும் சவரம் செய்யச் சொல்லிவிட்டே முகம் பார்த்தேன்.

கிளம்பும்போது நரைத்த தாடிக்காரர் ஒரு படம் தந்தார். கரடிப் பாதம் பதித்த கொடியைப் பிடித்தபடி பதினைந்து பேர், தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக. “சேகர் சிரிக்கிறதப் பாருங்கம்மா,” என்றார். எல்லோரும் சிரிக்கிறார்கள். எவன் சேகர் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன். பதினைந்து பேரும் என்னையே பார்க்கிறார்கள். இதில் ஒருவன் நான் பெற்றவன்.

பின்புறம் அவருடைய எண் இருக்கிறது. விடிந்ததும் கேட்க வேண்டும்.