உனக்கு ஏன் மீன் அனுப்பவில்லை

அன்பு மகள் ரோசெனிக்கு, உன் அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளை எல்லோரும் பெலேம் பட்டணத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதினால் அது பொய்.

புகை போட்ட துக்குனாரே மீன் வேண்டும், அது இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை என்று எத்தனையோ தரம் சொல்லி அனுப்பிவிட்டாய். மூட்டையைப் பிரித்து வெறும் மரவள்ளி மாவைப் பார்த்ததும், அம்மா கஞ்சப்பிசினாறி ஆகிவிட்டாள் என்று திட்டியிருப்பாய், திட்டிக்கொள், மீன் மட்டும் தர மாட்டேன். உன் அண்ணன் ஜைர்சனின் குழந்தைக்கு ஒரு வயது ஆகப்போகிறது, இன்னும் தலை நிற்கவில்லை, ஊட்டினால் பாதி வெளியே வழிகிறது. உன் அண்ணி எடிலேனி மாசமாக இருந்தபோது பெரிய மீனாகப் பார்த்துப் பார்த்துத்தானே கொடுத்தோம். ஆஸ்பத்திரிப் படகில் வந்த டாக்டரம்மா எங்கள் எல்லோருடைய தலைமுடியிலும் கொஞ்சம் வெட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து, பொன் அரிக்கிறவன் கொட்டும் பாதரசம் சேற்றில் இறங்கி, சின்ன மீனுக்குள் போய், அதைத் தின்கிற பெரிய மீனில் சேர்ந்து, தாய் வழியாக வயிற்றுப் பிள்ளைக்குப் போகிறது, எடிலேனியின் முடியில் அது அளவுக்கு மேல் இருக்கிறது என்றாள். குழந்தை இப்படி இருப்பது அதனால்தான் என்று சத்தியம் பண்ண முடியாது என்றும் சொன்னாள். அவளால் முடியாவிட்டால் போகட்டும், நான் பண்ணுவேன்.

நம் ஆற்று வளைவில் நின்ற அந்தப் பாழாய்ப்போன பொன் அரிக்கும் தெப்பத்துக்கு டீசல் கொண்டுபோய்க் கொடுத்தது யார் தெரியுமா, உன் அண்ணன்தான். ஏண்டா இப்படி என்று கேட்டேன். நான் நிறுத்துனா வேற எவனாச்சும் கொண்டு போவான், புள்ளைக்கு மருந்து வாங்க வேணாமா, நீயா தரப்போற என்று கத்தினான். மறுநாள் காலையில் எடிலேனி, சண்டைக்குப் போகிறவர்கள் பூசும் கறுப்புச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு, குழந்தையை உன் அப்பா மடியில் போட்டுவிட்டு, துடுப்பை எடுத்தாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் அவள் பின்னால் போனோம்.

எங்களைப் பார்த்ததும் தெப்பத்தில் இருந்தவர்கள் சமைச்சுப் போட வந்தீங்களாடி கெழவிகளா என்று சிரித்தார்கள். ஒருவன் சுட்டான், குண்டு உன் சித்தி வால்தெலிஸின் தோள்சதையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று, ஓடமெல்லாம் ரத்தம். அவளோ திரும்பாதீங்கடி, ஏறுங்கடி என்று அலறினாள். ஏறினோம். சிரித்தவன் வாயிலேயே ஒரு போடு போட்டேன், பல் தெறித்தது, இன்றுவரை அதற்கு எனக்கு வருத்தமே இல்லை. டீசல் பீப்பாய்களுக்கு முன்னால் உன் அண்ணன் துப்பாக்கியோடு நின்றான். எறங்கிப் போயிரும்மா, சுட்டுருவேன் என்றான். சுடுடா, பெத்தவள சுட்டுட்டுப் போயி உன் மகளுக்கு மருந்து வாங்கு என்றேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தபோது எடிலேனி பக்கவாட்டில் வந்து துடுப்பால் அடித்தாள், எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவனை மறுபடியும் மறுபடியும் அடித்தாள். நான் கட்டிப்பிடித்து இழுக்காவிட்டால் கொன்றிருப்பாள். மற்றவர்கள் படகில் ஏறி ஓடிவிட்டார்கள், அவனை ஒருவனும் தூக்கிக்கொண்டு போகவில்லை. நாங்கள் அவனைக் கரையில் இறக்கிவிட்டுத் தெப்பத்தைக் கொளுத்தினோம். அந்த எண்ணெயும் நம் ஆற்றில்தான் கலந்தது, என்ன செய்ய.

அந்த வாரமே தெப்பத்துக்காரர்கள் கூட்டமாக வந்து நம் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் எரித்தார்கள், நாய்களைச் சுட்டுப் போட்டார்கள். குழந்தையை வெளியே தூக்கி வந்ததில் உன் அப்பாவுக்கு முதுகு வெந்துவிட்டது, இப்போது பரவாயில்லை, குப்புறப் படுத்துக்கொண்டு என்னைக் குறை சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டார். எல்லோரும் சித்தி வீட்டில் இருக்கிறோம். உன் அண்ணனுக்கு இரண்டு கையும் கட்டுப் போட்டிருக்கிறது. எடிலேனி அவன் பக்கம் திரும்புவதே இல்லை. ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் அப்பன், ஒரே கிண்ணத்திலிருந்து இருவருக்கும் நான்தான் ஊட்டுகிறேன். அவன் என் முகத்தைப் பார்க்க மாட்டான், குழந்தையின் வாயிலிருந்து வழிவதையே பார்த்துக்கொண்டிருப்பான். நேற்றுத்தான் முதல்முறையாக என்னிடம் பேசினான். ரோசெனிய இங்க வர வேணாம்னு எழுதும்மா என்றான்.

என் கையில்தான் பிள்ளை விழ வேண்டும் என்று பிரசவத்துக்கு வருவதாகச் சொன்னாய். எனக்கும் அதைவிட வேறு ஆசை கிடையாது. வராதே, கண்ணே. அங்கே சந்தையிலும் எந்த ஆற்று மீன் என்று கேட்காமல் வாங்காதே, வாய்க்குப் பிடிக்கிறது என்று பெரிய மீனைத் தொடாதே, டாக்டரிடம் உன் முடியையும் பார்க்கச் சொல். நம் முன்னோர்கள் உனக்குத் துணை இருக்கட்டும், உன் பால் சுத்தமாகச் சுரக்கட்டும். பிறந்ததும் தகவல் அனுப்பு. ஆணா பெண்ணா என்பதைப் பிறகு சொன்னால் போதும், வீறிட்டு அழுததா, கைகாலை உதைத்ததா, அதை முதலில் சொல்.

உன்னைப் பார்க்கத் தவிக்கும் அம்மா,
டோமிங்காஸ் போஷோ