பொலிதேயாமா வீட்டின் திறப்பு

பலேர்மோ,
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

அன்புள்ள மகள் கேசிகாவுக்கு,

நானும் அப்பாவும் இருக்கிற அளவுக்கு இருக்கிறோம், நீயும் மருமகன் விதுரனும் சின்னவளும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டுமென்று நல்லூர்க் கந்தனையும் இங்கே மலைமேல் கோயிலில் இருக்கிற ரோசாலியா அம்மாவையும் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இந்த முறை மலைக்கு ஏற ஏலவில்லை, அடிவாரத்தில் பஸ் தரிப்பில் நின்றே கும்பிட்டுவிட்டு வந்தேன், தாய் கோபிக்க மாட்டாள். போன் இருக்க இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று நீ நினைப்பாய். நான் எடுக்கிற நேரமெல்லாம் நீ கறி பிரட்டிக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்துக் கதிரையில் உன் மாமியார் இருக்கிறார், அவர் நல்ல மனுஷிதான், ஆனால் நான் சொல்லப்போவது முதலில் உன் காதில் மட்டும் விழவேண்டும். எமிலியானா அன்ரி தன் மகனைப் பார்க்க லண்டனுக்கு வருகிறார், மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இதை வைத்துவிடுகிறேன். தும்மிக்கொண்டு வாசி, பரவாயில்லை.

முதலில் முழங்காலைச் சொல்லிவிடுகிறேன். மாசி மாதம் வலது காலில் ஒப்பரேஷன் செய்தது உனக்குத் தெரியும், இப்போது இடது காலும் அதே வழிக்கு வந்துவிட்டது, இனிப் படி ஏறினால் பிறகு தடியோடுதான் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் வேலைசெய்கிற கிழவி சிஞ்ஞோராவின் வீடோ பொலிதேயாமாப் பக்கத்தில் நாலாம் மாடி, அந்த லிப்ட் ஓடுகிற நாளைவிடப் பழுது என்று துண்டு ஒட்டிக்கிடக்கிற நாள்தான் கூட. இருபத்திரண்டு வருஷம் ஏறி இறங்கின படி, மகள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் குசினி மேசையில் இருந்துதானே இத்தாலி எழுத்துப் பழகினாய், பிழை விட்டால் சிஞ்ஞோரா உன் காதைத் திருகுவார், நான் பாத்திரம் கழுவிக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பேன். அந்த வீட்டை விடப்போகிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு கிழமை எடுத்தது. இங்கே எங்கள் சனத்துக்கு வீடு என்றால் படுத்து எழும்புகிற வீடு இல்லை, வேலை செய்கிற வீடுதான், அதை விடுகிறபோது முதலில் சொந்தத்துக்குக் கொடுக்கவேண்டும், சொந்தத்தில் ஆள் இல்லாவிட்டால் ஊர்ச் சனத்துக்கு, அதுவும் இல்லாவிட்டால் யாராவது ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு, நாங்கள் வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். அதனால்தான் போனகிழமை நீ ஆரணிக்குத்தானே அம்மா என்று கேட்டாய், விதுரனும் தன் தங்கைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. நான் பார்ப்போம் என்றேன், நீ உடனே சின்னவள் அழுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டாய். சின்னவள் அழவில்லை, அவள் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை, சொல்லிவிடுகிறேன். வீட்டை நான் ஆரணிக்குக் கொடுக்கவில்லை, வெள்ளிக்கிழமை நில்மினிக்குக் கொடுத்துவிட்டேன். ஓம், அந்தச் சிங்களப் பெட்டைக்குத்தான்.

பொறு, கடிதத்தைக் கசக்காமல் மிச்சத்தையும் வாசி. நான் சிங்களச் சனத்தோடு உறவு கொண்டாட ஆசைப்பட்டு இதைச் செய்யவில்லை. உன் சறோஜா சித்தி, என் கூடப்பிறந்தவள், வன்னிச் சண்டையில் செல் விழுந்து செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது, இன்றைக்கும் பஸ்ஸில் பின்னாலிருந்து யாராவது சிங்களத்தில் கதைத்துச் சிரித்தால் நான் எழும்பி முன்னுக்குப் போய்விடுவேன். நில்மினியையும் நான் தேடிப்போகவில்லை. அதே கட்டடத்தில் கீழே வக்கீலின் கந்தோரைத் துடைக்க வருகிறவள், ஒரு வருஷமாகப் படியில் கண்டு தலையாட்டுவோம். எனக்குச் சிங்களம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, ஒரே நாட்டில் பிறந்த இரண்டு பேரும் இருவருக்குமே ஒழுங்காக வராத இத்தாலியில்தான் கதைப்போம், அதிலும் பாதி பிளீச்சும் மாப்பும்தான். குருநாகலில் அவளுடைய புருஷன் பள்ளிக்கூடக் கொப்பி அச்சடிக்கிற சின்ன அச்சகம் வைத்திருந்தவன், நாட்டில் டொலர் இல்லாமல் போன வருஷம் கடதாசி வரவில்லை, அச்சகத்தைப் பூட்டியாயிற்று, பால்மாவுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு இரண்டு நாள் வரிசை. கணக்குப் படிப்பித்த ரீச்சர் இரண்டு பிள்ளைகளையும் தாயிடம் விட்டுவிட்டு இங்கே வந்து குளியலறை துடைக்கிறாள். ஒருநாள் சொன்னாள், சண்டை முடிந்தால் எல்லாம் சரிவரும் என்று சொன்னார்கள், நம்பி வோட்டுப் போட்டோம், முடிந்த அன்றைக்கு ரோட்டில் நின்று சந்தோஷத்தில் பால்சோறுகூடக் கொடுத்தோம் என்று. சித்தி போய் நாலு நாள்தான் அன்றைக்கு. அவளுக்கு அது தெரியாது, வேண்டுமென்று சொன்ன கதையும் இல்லை, ஆனால் அதற்குப் பிறகு இரண்டு கிழமை நான் அவளுக்குத் தலைகூட ஆட்டவில்லை. வரிசையில் நிற்பதும் செல்லுக்குள் ஓடுவதும் ஒன்றில்லை, அதை நான் அவளுக்குச் சொல்லவுமில்லை. அவள் வீட்டில் யாரும் ஆமியில் இருந்தார்களா என்றும் நான் கேட்டதில்லை, கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தபோது மூன்று மாதம் எனக்குப் பதிலாக நிற்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. முதலில் ஆரணியைத்தான் கேட்டேன், இதை நீ விதுரனுக்குச் சொல்லு. அடுத்த புளொக்கில்தானே இருக்கிறாள், வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவள் தேத்தண்ணி தந்து மரியாதையாகத்தான் சொன்னாள், "மூண்டு மாசத்துக்கு எண்டா வேண்டாம் மாமி, பிறகு விட்டிட்டு நிக்கேலாது, முழுசாத் தாறதெண்டாச் சொல்லுங்கோ, வாறன்" என்று. அவள் சொன்னதில் பிழையில்லை, அவளுக்கும் பிள்ளை குட்டி. பிறகு ஐந்தாறு தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டேன், எல்லோருக்கும் அதே பதில்தான். உனக்கு நினைவிருக்கும், நான் உன் அம்மம்மாவின் செத்தவீட்டுக்கு ஊருக்குப் போன நேரம் எங்கள் ஊர் ஆள் ஒருத்தியை இன்னொரு வீட்டில் பதிலுக்கு விட்டுவிட்டுப் போனேன், திரும்பி வந்து பார்த்தால் அந்த வீடு அவளுடையதாகிவிட்டது, அந்த மாரி முழுக்க நாங்கள் பருப்போடு கிடந்தோம். அதற்குப் பிறகு வேலைவீட்டுக் கதவுப் பூட்டின் திறப்பை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. கடைசியில் நில்மினிதான் படியில் என் காலைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் நான் நிற்கிறேன் அக்கா, நீங்கள் வந்ததும் போய்விடுகிறேன் என்றாள். வேறு வழியில்லாமல்தான் ஓம் என்றேன். சிஞ்ஞோரா சொந்தமில்லாத ஆளை வீட்டுக்குள் விட மாட்டார், அதனால் எல்லோரும் செய்கிற பொய்யைத்தான் நானும் செய்தேன். இவள் என் தங்கச்சி முறை என்றேன். சிஞ்ஞோராவுக்கு எண்பத்தெட்டு வயது, ஆனால் ஒன்றும் மறக்கிற ஆள் இல்லை, உன் தங்கச்சி செத்துப்போனாள் என்று என் மடியில் கிடந்து அழுதாயே என்று கேட்டார். அது கூடப்பிறந்தவள், இது ஒன்றுவிட்டது என்று சமாளித்தேன். அவர் அவளையும் என்னையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி, சிங்கலேசி எல்லோருக்கும் ஒரே கண்தான் என்றார். தமிழரையும் சிங்களவரையும் சேர்த்துச் சிங்கலேசி என்றுதானே இந்த ஊர் எங்களைக் கூப்பிடுகிறது, அப்பா முப்பது வருஷமாகத் திருத்தித் திருத்திக் களைத்துப்போனார்.

மூன்று மாதம் முடிந்து நான் திரும்பிப் போன முதல் நாள் குசினிக் கதவுக்குப் பின்னால் என் ஏப்ரன் ஆணியில் தொங்கினது. தோய்த்து ஸ்திரிக்கை போட்டிருந்தாள், ஆனால் ஒருநாளும் அதை அவள் கட்டவில்லை, தன்னுடையதைக் கொண்டுவந்து கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். என் செருப்பு வைத்த இடத்தில் இருந்தது. மருந்துப் பெட்டிக்குள் ஒரு கொப்பி, சிஞ்ஞோரா எந்த நாள் எந்தக் குளிசையைத் துப்பினார், எந்த நாள் அழுதார் என்று எனக்காக இத்தாலியில் எழுத்துப்பிழையோடு எழுதி வைத்திருந்தாள். நான் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதேன், ஏன் என்று கேட்காதே.

இனி அப்பாவின் கதை. போனகிழமை நான் வாய் திறந்து வீட்டை நில்மினிக்குக் கொடுக்கலாமோ என்று யோசிக்கிறேன் என்றதும் மனுஷன் துறைமுகத்துக்குக் கப்பல் துடைக்கக் கொண்டுபோகிற வாளியை நிலத்தில் அடித்து வைத்தார். "நாங்கள் ஆராலை இஞ்சை வந்தனாங்கள்? அதைச் சொல்லு முதல்" என்று தொடங்கினார். உனக்குத் தெரியும்தானே, அவர் தொடங்கினால் வெள்ளைக்காரன் கப்பலேறின நாளிலிருந்து தொடங்குவார், சிங்களம் மட்டும் சட்டம், தரப்படுத்தல், எண்பத்து மூன்று கலவரம் என்று வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள் துறைமுகத்திலிருந்து பஸ் ஊரின் மறுகோடியில் எங்கள் பிரான்காச்சோவுக்கு வந்துவிடும். அவர் சொல்வதில் ஒரு சொல் பொய்யில்லை. கொழும்பில் வேலைசெய்த இரும்புக்கடை எரிந்த அன்று, வாயில் இருந்த சிங்களத்தைக் கதைத்துத்தான் உயிரோடு தப்பி வந்த மனுஷன், அன்றைக்குப் பிறகு அந்தப் பாஷையில் ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. எனக்கும் களைப்பு, சரி, ஆரணிக்கே கொடுத்துவிடுவோம், சம்பந்தி வீட்டிலும் பிள்ளைக்குப் பிரச்சினை வராது என்றுகூடச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவரிடம் வென்ற முகம் இல்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கோப்பையைப் பார்த்தபடி சொன்னார். வைகாசியில் நில்மினி திறப்பைத் திருப்பித் தர எங்கள் வீட்டுக்கு வந்த நேரம் நான் காலுக்குப் பயிற்சி செய்யப் போயிருந்தேன், இவர் கதவை விரலளவு திறந்து, ஆள் இல்லை, நில் என்று இத்தாலியில் சொல்லிவிட்டு மூடிவிட்டார். அவள் படியில் நின்றபோது குருநாகலிலிருந்து தாய் போன் எடுத்திருக்கிறாள். கதவுக்குப் பின்னால் நின்ற இவருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. "தாய்க்குச் சொல்லுறாள், சிஞ்ஞோரா என்னையே தொடந்து நிக்கச் சொல்லிக் கேட்டவ அம்மா, நான் ஏலாது எண்டிட்டன், அந்த அக்கா நம்பித் தந்த திறப்பு, குடுக்கத்தான் வேணும், பிள்ளையளுக்கு இந்த மாசம் எப்பிடியும் சமாளியுங்கோ எண்டு சொல்லிச் சொல்லி அழுறாள்." இதைச் சொல்லிவிட்டு அப்பா, "அந்தப் பாஷை எனக்கு விளங்கியிருக்கக் கூடாது, விளங்கித் துலைஞ்சிட்டுது. கேட்டதைச் சொன்னன். இனி உன்ரை பாடு, என்னை ஒண்டும் கேக்காதை" என்று எழும்பிக் கை கழுவினார். நாலு மாதம் அந்த மனுஷன் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் யாரைக் கேட்க வேண்டும், சொல்லு. வெள்ளிக்கிழமை நில்மினியைக் கூட்டிக்கொண்டு போனேன். படியில் வைத்தே அவள், எனக்கு வேண்டாம் அக்கா, உங்கள் ஆட்கள் உங்களோடு கதைக்காமல் விட்டுவிடுவார்கள் என்றாள். அவர்கள் இப்போதும் முழுசாகக் கதைக்கிறார்களா, நீ ஏறு என்றேன். லிப்ட் அன்றைக்கும் பழுது, அவள் என் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றினாள். இருபத்திரண்டு வருஷம் உப்புப் போட்டுத் தந்த வீட்டிலிருந்து பொய்யோடு இறங்கக் கூடாது, இவள் என் சொந்தமில்லை, நாங்கள் இரண்டு இனம் என்று சிஞ்ஞோராவிடம் சொல்லிவிட வேண்டுமென்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். அவர் கதிரையில் இருந்தபடி, உண்மையில் இவள் உனக்குச் சொந்தமா, மூன்று மாதத்தில் உன்னைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லையே, சொந்தக்காரர் அப்படி இருக்க மாட்டார்களே என்று பகிடியாகக் கேட்டார். நான் இல்லை என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். வந்தது வேறு சொல். சொரெல்லா என்றேன், ஒன்றுவிட்டது என்று சேர்க்கவில்லை, என் தங்கச்சி என்றேன். சறோஜா போன பிறகு முறை, ஒன்றுவிட்டது என்ற ஒட்டில்லாமல் அந்தச் சொல்லை நான் யாருக்கும் சொன்னதில்லை. சிஞ்ஞோராவுக்குத் தெரியும் எனக்கு ஒரு தங்கச்சிதான் என்று, என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். நான் ஆணியில் கிடந்த ஏப்ரனை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு திறப்பை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆரணியை நான் கைவிட மாட்டேன். நாலைந்து இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன், அவளுக்கு ஒரு வீடு கிடைக்கும்வரை தேடுவேன், அதை விதுரனுக்குச் சொல்லு, அவர் கோபித்தால் நீ பதிலுக்குக் கோபிக்காதே, பொறுத்துக் கதை. கடைப்பக்கம் போனால் இரண்டு பேர் முகத்தைத் திருப்புகிறார்கள், திருப்பட்டும், எனக்கு இப்போது அவசரமாகப் போக இடமில்லை. அப்பா இன்னும் ஒன்றும் கேட்கவில்லை, நேற்று மட்டும் அந்தப் பிள்ளை வேலைக்குப் போனதோ என்றார், ஓம் என்றேன், சரி என்றார். சின்னவளுக்குக் காதை மூடித் தொப்பி போட்டு வெளியில் கொண்டுபோ, பால் குடித்த உடனே குளிக்க வார்க்காதே. நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் இருக்கவேண்டும், அதுதான் இந்தக் காலோடு நான் கும்பிடுகிற கும்பிடு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் மாமியார் கட்டாயம் கேட்பார், கொம்மா அந்த வீட்டை ஆருக்குக் குடுத்தவ என்று. ஒளிக்காதே, பயப்படாதே, விளக்கமும் சொல்லாதே. அம்மா தன்ரை தங்கச்சிக்குக் குடுத்திட்டா எண்டு சொல்லு.

என்றும் உன் நினைவோடு இருக்கும்
அம்மா,
வி. ஞானாம்பிகை