பந்துக்கு அக்கா தங்கச்சி இல்ல

மச்சான்,

இன்று காலை பஸ் தரிப்பிடத்தில் உன் முகத்துக்கு முன்னால் இருபது நிமிடம் நின்றேன். முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிப் போஸ்டர். யாரோ விடியும்போது ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கோதுமை மாப் பசை இன்னும் காயவில்லை. அந்தப் புளித்த மணம் உனக்குத் தெரியும். உன் விரல் இடுக்கில் எப்போதும் இருந்த மணம் அது. டவுனில் நீ வேலை செய்த அச்சுக் கடையில் வடிவமைப்பதும் நீ, அடிப்பதும் நீ, ஆள் வராத நாளில் பசை வாளியோடு ஒட்டப் போவதும் நீ.

போஸ்டரின் மேலே தாமரைப் பூ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நீ செய்த வடிவம்தான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் செத்துப்போன எத்தனையோ பேரை அந்த இரண்டு விளக்குகளுக்கு நடுவில் வைத்தாய். இப்போது உன்னை வைத்திருக்கிறார்கள். கீழே, 'ஆழ்ந்த துயருடன்' என்ற சொல்லுக்குப் பிறகு, நம் உதைபந்தாட்டக் கழகத்தின் புதுப் பெயரும், அதை எடுத்துக்கொண்ட ஹொட்டல் முதலாளியின் சின்னமும். உன் பிறந்த திகதியைவிடப் பெரிதாக.

நீ கடைசிவரை அவனை 'அவர்' என்றே சொன்னாய். எனக்கு அது வராது.

நம் மைதானத்துக்கு ஒரு பக்கம் பிரதான வீதி, மறுபக்கம் வாவி; ஊர்ப் பேச்சில் 'ஆறு'. வாவிப் பக்கம் வேலி கிடையாது. கரையோரக் கண்ணாப் பற்றைக்கு முன்னால் கவிழ்த்துப் போட்ட தோணிகளின் மேல்தான் நாம் இருந்து மெச் பார்ப்போம். பந்து தண்ணீரில் விழுந்தால் விளையாடுபவர்கள் போக மாட்டார்கள். பார்ப்பவர்களில் யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் குதித்து எடுத்துக் கொடுக்க வேண்டும். எப்போதிலிருந்து அப்படி என்று யாருக்கும் தெரியாது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நீதான் முதலில் குதிப்பாய். பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கரையேறும்போது கோல் அடித்தவனுக்குக் கிடைக்காத கைதட்டல் உனக்குக் கிடைக்கும். "கழகத்தில உனக்கு என்னடா பதவி?" என்று ஒருநாள் நக்கலாகக் கேட்டேன்.

"ஆத்துப் பக்கத்துக் கோல் கீப்பர்" என்றாய்.

முதலாளி முதலில் போஷகராகத்தான் வந்தான். ஜேர்சி கொடுத்தான், சப்பாத்துக் கொடுத்தான், விளக்குக் கம்பம் நட்டான். பிறகு பொதுக்கூட்டம். கழகத்தின் நிர்வாகத்தை அவனுடைய ஹொட்டல் கம்பனியிடம் ஒப்படைக்கும் தீர்மானத்தை இங்கிலீசில் வாசித்தார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று எழுந்து சொல்ல வெட்கம். பொலித்தீன் மணம் போகாத புது ஜேர்சியைப் போட்டுக்கொண்டு நீயும் கை தூக்கினாய், நானும் தூக்கினேன். இதை நான் மறைக்கவில்லை. அவன் களவெடுக்கவில்லை, நாங்கள்தான் கொடுத்தோம்.

அடுத்த வருடம் கழகத்தின் பெயருக்கு முன்னால் ஹொட்டலின் பெயர் வந்து நின்றது. ஊர்ப் பொடியன்கள் மைதானத்துக்கு வெளியே வாங்கில் குந்தியிருக்க, எங்கிருந்தோ கூட்டிவந்தவர்கள் விளையாடினார்கள். அதற்குப் பிறகுதான் மைதானத்தின் வாவிப் பக்கத்தை அடைத்துப் படகுத் துறை கட்டப் போகிறான் என்று கேள்விப்பட்டோம். தோணிகளை எடுக்கச் சொன்னார்கள்.

நாம் செய்த முதல் வேலை நல்ல வேலை. மெச் தொடங்கியதும் பார்வையாளர் எல்லோரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதுகுக்குப் பின்னால் கோல் விழும் சத்தம் கேட்டும் திரும்பாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம். "ஆர் அடிச்சதுகா?" என்று வாயசைக்காமல் என்னிடம் கேட்டாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

போஸ்டரும் ஒட்டினோம். காலையில் ஒட்டினால் மத்தியானத்துக்குள் ஹொட்டல் காவற்காரர் கிழித்துவிடுவார். மூன்று தடவை அப்படி நடந்தது. நாலாவது தடவை நீ ஒரு யோசனை சொன்னாய். "கிழிக்காத போஸ்டர் ஒண்டு இருக்கு மச்சான். நான் நாள்முழுக்க அதத்தானே அடிக்கிறன்."

கழகத்துக்குக் கண்ணீர் அஞ்சலி. உன் இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவில் தையல் விட்ட ஒரு பழைய பந்து, அதற்கு மல்லிகை மாலை. 'பிரிவால் துயருறும் தோணிக்கரைப் பார்வையாளர்கள்.' வீதி முழுக்கச் சிரித்தது. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். காவற்காரர் கிழிக்க வந்து, கையை வைத்து, எடுத்துக்கொண்டார். "செத்தவீட்டு நோட்டீஸ். கிழிக்கப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மாரி மழை வந்து கரைக்கும்வரை அது அந்தச் சுவரில் நின்றது. நம்மூரில் வேறு எதற்கும் இல்லாத பாதுகாப்பு அந்தக் கடதாசிக்கு இருந்தது.

ஆனால் வேலிக் கம்பிகள் வந்து இறங்கின. சிரிப்பு ஒரு தூணைக்கூட அசைக்கவில்லை. அன்று பின்னேரம் உன் கடையில் உனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு சொன்னேன். "இந்த முறை பந்து வேணாம். அவன்ட மூஞ்சியப் போடு."

நீ கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உசிரோட இருக்கிற ஆளுக்கு அடிக்க மாட்டன்."

"பந்துக்கு அடிச்சாய்தானே."

"பந்துக்கு அக்கா தங்கச்சி இல்ல."

நான் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்றேன். முதலாளியின் ஆள் என்றுகூடச் சொன்னேன். நீ எழுந்து, "இரு, தேத்தண்ணி எடுத்துட்டு வாறன்" என்று வெளியே போனாய். உன் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து அந்த வேலை எனக்கும் பிடிபட்டிருந்தது. கணினியில் இருந்த வடிவத்திலிருந்து பந்தை எடுத்தேன். ஜேர்சி கொடுத்த நாளில் அவன் சிரித்துக்கொண்டு நின்ற படத்தை வைத்தேன், மாலையைப் போட்டேன், 'அமரர்' என்று அடித்து அச்செடுத்தேன். நீ இரண்டு பிளேன்ரீயோடு வந்தபோது போஸ்டர்கள் என் பைக்குள் சுருண்டு கிடந்தன. "என்ன மச்சான், கோவம் போயிட்டா?" என்று கேட்டாய். "போயிட்டு" என்றேன். அந்தத் தேத்தண்ணியையும் குடித்தேன்.

மறுநாள் இருட்டோடு வெள்ளண எழும்பி, ஆரையம்பதிப் பக்கமிருந்து அவன் வீட்டு ஒழுங்கைவரை ஒட்டினேன். செத்தவீட்டுக்குக் கட்டுவதுபோல வெள்ளைக் கொடியும் கட்டினேன். அவன் நித்திரையால் எழும்பி வந்து தன் சாவைத் தானே வாசிக்கட்டும் என்று நினைத்தேன். வேறு யார் வாசிப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

யாரோ போனில் படம் எடுத்து அனுப்ப, அது எட்டத்தில் இருக்கிற உன்னிச்சைக் கிராமத்துக்குப் போய்விட்டது. அங்கே அவனுடைய மூத்த அக்கா இருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். காணிப் பிரச்சினையில் பல வருடம் இருவருக்கும் பேச்சு இல்லை என்பதும் உனக்குத் தெரியும்.

பத்து மணியளவில் அவள் அவன் வீட்டு ஒழுங்கையில் ஓட்டோவில் வந்து இறங்கினாள். தலைமயிர் அவிழ்ந்து, காலில் செருப்பில்லாமல், நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தாள். "என்ட தம்பி, உன்னோட கதையாமக் கிடந்தேனே, ஒரு சொல்லுக் கதையாமப் போயிட்டியே" என்ற அந்தக் குரல் கடற்கரைவரை கேட்டிருக்கும். நீயும் நானும் எதிர்ப்பக்கக் கடை வாசலில் நின்றோம். நீ அப்போதுதான் போஸ்டரைப் பார்த்திருந்தாய். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். அவ்வளவுதான்.

முதலாளி சத்தம் கேட்டு, சாரத்தோடு, கையில் போனோடு வெளியே வந்தான். அவள் அவனைக் கண்டாள். கன்னத்தில் ஒரு அறை. பிறகு அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு காலடியில் விழுந்துவிட்டாள்; வாசல் கல்லில் அடிபட்டு நெற்றி வெடித்தது. அவளைத் தூக்கிக்கொண்டு அவன் அழுதான். ஒழுங்கை நிறைந்து நின்ற சனம் பார்த்தது.

ஒரே காலையில் அவன் மனிசனாகிவிட்டான். தோணிகளில் இருந்த நாங்கள் காவாலிகளாகிவிட்டோம். தூண்களைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. பேசினால், "செத்தவீட்டு விளையாட்டு விளையாடின ஆக்கள் நீங்கதானே" என்றார்கள். அவன் ஊரின் நிலத்தை அடைத்தது சட்டப்படி சரி. முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, நம் கைகள் தூக்கியதற்குப் பதிவும் இருந்தது. அதை எவரும் எல்லை மீறல் என்று சொல்லவில்லை. எனக்கு இப்போதும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் உன்னிச்சையிலிருந்து வந்த அந்த மனிசி எனக்கு என்ன செய்தாள்? அவள் எந்தக் கூட்டத்தில் கை தூக்கினாள்? அந்த இடத்துக்கு வரும்போது என் கோபத்துக்கு வாய் அடைத்துவிடுகிறது.

நான் விட்ட பிழை ஒன்று இருந்தது. போஸ்டரின் அடியில் சின்ன எழுத்தில் கடையின் பெயரும் போன் நம்பரும் எப்போதும் இருக்கும். அதை அழிக்க மறந்துவிட்டேன். பின்னேரமே பொலிஸ் உன்னைக் கூட்டிக்கொண்டு போனது.

மறுநாள் வெளியே வந்த உன்னிடம், "நான் போய்ச் சொல்லுறன்" என்றேன்.

"என்னத்தச் சொல்லுறாய்? நான்தான் அடிச்சன் எண்டு எழுதிக் குடுத்தாச்சு."

"ஏன்டா?"

"என்ட குத்துவிளக்கு, என்ட கடை. ஆர் நம்புவான்? உனக்கு அரசாங்க நியமனம் வரப்போகுது. பொலிசில பேர் விழுந்தா அதுவும் இல்ல. வாயப் பொத்திக்கொண்டு இரு."

பொத்திக்கொண்டு இருந்தேன். நான் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நீ சரி என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன்.

முதலாளி பெருந்தன்மையாக முறைப்பாட்டை வாபஸ் வாங்கினான். மைதானத்தில் மன்னிப்புக் கடிதம் வாசிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மெச் தொடங்கும் முன் நடுவில் நின்று மைக்கில் வாசித்தாய். நான் புதுக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நின்றேன். அன்று யாரும் முதுகு காட்டவில்லை. எல்லோரும் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடையை நடத்திய அண்ணர் உன்னை வேலையால் நிறுத்தினார். வேறு கடைக்காரரும் எடுக்கவில்லை. எனக்கு நியமனம் வந்த மாதம் நீ கட்டாருக்குப் போனாய். குத்துவிளக்கு வரைந்த கைக்குக் கட்டடக் கம்பி வளைக்கிற வேலை. ஒரு வெள்ளிக்கிழமை போனில் கேட்டாய், "ஆத்துப் பக்கம் முழுக்க அடைச்சாச்சா?"

"ஓம். மேல வலையும் போட்டிருக்கான்."

"அப்ப பந்து ஆத்துக்க விழாது."

"விழாது."

"மறுகா எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாய்.

நித்திரையில் உன் இதயம் நின்றுவிட்டதாகக் கட்டாரிலிருந்து கடதாசி வந்தது. இருபத்தேழு வயது இதயம். வெயிலில் கம்பி வளைப்பவர்களின் இதயங்கள் அங்கே ஏன் நித்திரையில் நிற்கின்றன என்று கேட்க, நான் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒரு படிவமும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

உன் செத்தவீட்டுக்குக் கதிரையும் பந்தலும் முதலாளி அனுப்பினான். அவனே வந்து, ஹொட்டல் பெயர் போட்ட ஜேர்சியை உன் பெட்டியின் மேல் விரித்தான். நான் அதை இழுத்து எறிந்திருக்க வேண்டும். உன் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதால் எறியவில்லை. வேறு காரணமும் இருக்கலாம்.

போன கிழமை உன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லத்தான் போனேன். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். குருக்கள்மடத்திலிருந்து வந்திருந்த உன் பெரியம்மாவும் இருந்தார். வாயைத் திறக்கும் முன் அம்மா சொன்னார்: "முதலாளி நல்ல மனுசன் மனே. என்ட புள்ள அவருக்குச் செஞ்ச அநியாயத்த மறந்துபோட்டு வந்து நிண்டவர். இவன் ஏன் அப்பிடிச் செஞ்சான்? நீ அவனோடயே திரிஞ்சவன். ஒரு சொல்லுச் சொல்லித் தடுத்திருக்கலாமே."

"ஓம் அம்மா" என்றேன். தேத்தண்ணி தந்தார். அதையும் குடித்துவிட்டு வந்தேன்.

இன்று காலை காற்றுக்கு உன் போஸ்டரின் கீழ் மூலை கழன்று ஆடியது. ஹொட்டல் சின்னம் இருக்கிற மூலை. பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். பிடித்தேன். ஈரக் கடதாசி நேராகக் கிழியாது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். இழுத்தால் உன் கழுத்துவரை போகும். பக்கத்தில் நின்ற பாடசாலைப் பிள்ளைகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் வரும் சத்தம் கேட்டது. மூலையை மடிப்பில்லாமல் விரித்து, அவன் பெயரின் மேலே பெருவிரலை வைத்து, ஒட்டும்வரை அழுத்திப் பிடித்தேன்.

அலுவலகத்தில் இருந்து எழுதுகிறேன். இரண்டு தடவை கை கழுவிவிட்டேன். பெருவிரலில் இன்னும் அந்தப் பசை மணக்கிறது.