வெண்கரைக் குடியரசின் ஐந்தாம் உறுப்புரை

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் லவினாவுக்கு,

உனக்கும் ரொஷானுக்கும் அம்மாவின் அன்பு. மெல்பேணில் குளிர் தொடங்கிவிட்டதாகச் சொன்னாய், காதை மூடாமல் வெளியே போகாதே. இங்கே நாங்கள் சுகம் என்று முழுதாக எழுத முடியவில்லை. அப்பாவின் இடப்பக்கம் நல்ல சுகம், வலப்பக்கம் மெல்ல ஆறுதலாக வந்துகொண்டிருக்கிறது. இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் நம்முடைய பிளட்டின் சுவர்தான். குசினிக்குள் நின்று கதைத்தாலும் ஹோலில் இருக்கும் அவருக்குக் கேட்கும். பாரிசவாதம் கையையும் நாக்கையும்தான் பிடித்தது, காதைத் தொடவில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு நுகேகொடையிலிருந்து சாமினி என்று ஒரு பிள்ளை வருகிறாள் என்று சொன்னேன் அல்லவா. தினமும் மூளைக்கு வேலை கொடுக்க வேண்டும், ஏதாவது எழுதவும் வாசிக்கவும் வேண்டும் என்றாள். குறுக்கெழுத்துப் போட்டி வாங்கிக் கொடுத்தேன், அது பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று தள்ளிவிட்டார். பிறகு ஒருநாள், அரசாங்கக் கந்தோரில் வேலையில் இருந்த காலம் முழுக்க மற்றவர்கள் எழுதின சட்டங்களைத் தமிழ்ப்படுத்தியே என் வயது போய்விட்டது, இனி நானே ஒன்று எழுதப்போகிறேன் என்றார். மரண சாசனமாக்கும் என்று நெஞ்சு பதறிப் போய்ப் பேனாவை எடுத்தேன். அரசியலமைப்பாம். எந்த நாட்டுக்கு என்று கேட்டேன். அப்படி ஒரு நாடு இல்லையாம். ஒரு தீவு, மேற்கே துறைமுகம், பெயர் வெண்கரை, சனத்தொகை இன்னும் தீர்மானிக்கவில்லை. வலக்கை எழுதாது என்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். அவருடைய பேச்சு இப்போது எனக்கு மட்டும்தான் தெளிவாக விளங்கும், அதனால் வேறு ஆளும் வைக்க முடியாது. காலையில் மீன் வாங்கி, பத்துக்குள் சமைத்து, பிறகு மத்தியானம் வரை நாட்டை உருவாக்குவோம்.

பின்னேரங்களில் பக்கத்து பிளட் மீரா சாஹிப் வருவார். கிராண்ட்பாஸில் துணிக்கடை வைத்திருந்தவர், கடையை மகனிடம் கொடுத்த பிறகு அவருக்கும் பொழுது போவதில்லை. மனைவி ரபீக்கா கொடுத்துவிடும் கஞ்சியை மேசையில் வைத்துவிட்டு, இன்றைக்கு என்ன சட்டம் வந்தது என்று கேட்பார். நான் வாசித்துக் காட்டுவேன். அரச கரும மொழி தமிழ் மட்டும் என்று அப்பா சொல்லி எழுதின அன்று, ஒரே ஒரு மொழியா என்று கேட்டார். நாடு சின்னது, ஒன்று போதும் என்றார் அப்பா. அரசாங்கம் கத்தோலிக்க சமயத்துக்கு முதலிடம் கொடுக்கும் என்று எழுதின அன்று மீரா சாஹிப் எழும்பிப் போய் யன்னலால் றோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போகும்போது, அந்த நாட்டில் தனக்கு விசா எத்தனை மாதத்துக்குக் கிடைக்கும் என்று மட்டும் என்னிடம் கேட்டார். அடுத்த நாள் காலையில் அப்பா அந்த இரண்டையும் வெட்டச் சொன்னார். வெட்டினேன்.

ஐந்தாவதில்தான் பிரச்சினை வந்தது. நீ ரொஷானைக் கட்டினதிலிருந்து அப்பா உன் பெயரை எடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். சிங்களப் பிள்ளை என்பதா, மாதா கோவிலில் கட்டவில்லை என்பதா, தன்னிடம் கேட்கவில்லை என்பதா, எது கூடுதலாக நொந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் வருத்தத்தில் கிடந்தபோது நீ வரக் கேட்டதற்கும் வேண்டாம் என்றுதான் கையைக் காட்டினார். ஆனால் சாமினி சிங்களப் பிள்ளை என்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, அவள் வாயைத் திற என்றால் திறக்கிறார், நாக்கை நீட்டு என்றால் நீட்டுகிறார். அது போகட்டும். ஐந்தாம் உறுப்புரை, குடியுரிமை, எழுது என்றார். "வெண்கரைக் குடிமகள் ஒருத்தி நாட்டை விட்டுச் சென்று வெளியாள் ஒருவனை மணந்தால் அவளுடைய குடியுரிமை நீங்கும்." மற்ற எல்லா இடத்திலும் குடிமகன் குடிமகன் என்று சொல்லி வந்தவர் இந்த ஓரிடத்தில் மட்டும் குடிமகள் என்றார். நான் பேனாவை மூடி வைத்தேன். இதை நான் எழுதமாட்டேன் என்றேன். அவர் இது சட்டம் என்றார். அப்படியானால் அந்த நாட்டில் நானும் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சோறு போடப் போனேன். சோறு போட்டேன், எழுதிக் கொடுக்கவில்லை.

பின்னேரம் மீரா சாஹிப் வந்து விசயத்தைக் கேட்டுவிட்டு, வாக்கெடுப்பு வைப்போம் என்றார். வெண்கரையின் சனத்தொகை அன்றைக்குத்தான் முடிவானது, மூன்று பேர். அவரும் நானும் எதிராகக் கை தூக்கினோம். அப்பா இடக்கையைத் தூக்கி, சனாதிபதிக்கு வாக்கை இரத்துச் செய்ய அதிகாரம் உண்டு என்றார். மீரா சாஹிப் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "ஸ்ரனி, இதெல்லாம் எங்களுக்கு இரிக்கிற நாட்டிலயும் இரிக்குதானே. அப்ப புதுசா ஒண்டு என்னத்துக்கு?" ஆனால் அப்பாவின் பிடிவாதம் உனக்குத் தெரியும்தானே, உனக்கு அது வேறு எங்கிருந்து வந்தது. அடுத்த நாள் நான் சந்தைக்குப் போய் வந்து பார்த்தால், இடக்கையால் தானே அந்த உறுப்புரையை எழுதி வைத்திருக்கிறார். ஒரு வசனம், ஒரு முழுப் பக்கம், எழுத்தெல்லாம் அ ஆ பழகும் அரிவரிப் பிள்ளையின் எழுத்துப் போல.

வியாழக்கிழமை சாமினி வந்து அதைக் கண்டதும் அவளுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. இடக்கையால் இவ்வளவு எழுதினீர்களா என்று சிங்களத்தில் கேட்டு, இதையே சத்தமாக வாசியுங்கள், இன்றைக்கு இதுதான் பயிற்சி என்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, சத்தத்தை மட்டும்தான் கவனிப்பாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசிக்கத் தொடங்கினார். வெண்கரை வந்தது. குடிமகளில் நாக்கு நின்றுவிட்டது, கடைசி எழுத்து வரவில்லை. சாமினி தாளை வாங்கி, அந்தச் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று என்னிடம் கேட்டுவிட்டு, முன்பாதியை விரலால் மறைத்தாள். பின்பாதியை மட்டும் சொல்லுங்கள் என்றாள். அப்பா சொன்னார். "மக." அவள் தலையாட்டி, ஆயெத், இன்னொரு முறை என்றாள். "மக." ஆயெத். "மகள்." ஹொந்தாய் என்று கை தட்டினாள், நல்லது, இனி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருங்கள் என்றாள். மகள், மகள், மகள் என்று சொன்னார். இத்தனை வருசம் இந்த வீட்டில் அவர் வாயில் வராத சொல் அது. பாரிசவாதம் வந்த நாளிலிருந்து அப்பாவின் வலக்கண்ணில் தண்ணீர் வடியும். அன்றைக்கு இரண்டு கண்ணிலும் வடிந்தது. சாமினி பயந்துபோய், இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டாள். சிங்களத்தில் துவ என்றேன். அவள் தாளை மெல்ல மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தாள்.

அவள் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு, "ஐறீன், இதை வெட்டு" என்றார். "நீங்க எழுதினது, நீங்களே வெட்டுங்கோ" என்றேன். வெட்டினார். நேராக ஒரு கோடு போட அவருக்கு அவ்வளவு நேரம் எடுத்தது, நான் பிடித்துக் கொடுக்கவில்லை. பிறகு எழுது என்றார், எழுதினேன். போனவர் எப்போதும் திரும்பி வரலாம், யாரை அழைத்துக்கொண்டு வந்தாலும் அவரும் குடிமகன். இதை எழுதினதும், சனாதிபதி பிறகு இரத்துச் செய்வாரோ என்று கேட்டேன். அந்த அதிகாரத்தையும் வெட்டிவிடு என்றார். மீரா சாஹிப் பின்னேரம் வந்து வாசித்துவிட்டு, திருத்தம் ஒன்றும் இல்லை என்றார்.

ஆகையால் மகள், இதைப் படித்து முடித்ததும் டிக்கெட் பார். டிசம்பரில் பாலன் பிறப்புக்கு முந்தி வந்தால் விலை குறைவு. அதுவரைக்கும் சனிக்கிழமை காலையில் கோல் எடு, போனை நான் அவர் கையில் கொடுக்கிறேன். அவர் ஒரு சொல்லுக்கு நின்றால் நீ முந்திக்கொண்டு சொல்லிக் கொடுக்காதே, சாமினிக்குப் பிடிக்காது. பழையது ஒன்றும் கேட்காதே. அழுதால் போனைத் தள்ளிப் பிடித்து அழு. நேரத்துக்குச் சாப்பிடு, இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. மாதாவின் கை உங்கள் இரண்டு பேரின் தலையிலும் இருக்கட்டும்.

இன்னுமொன்று, அப்பா இந்தக் கிழமை ஒரு புதுச் சொல் பழகுகிறார். அதைத் தானே கேட்டு எடுத்தார், சாமினி கொடுத்ததல்ல. நடுவில் வரும் ஷா இன்னும் சரியாக வரவில்லை, ரொசான் என்றுதான் வருகிறது. ரொஷானிடம் முன்கூட்டியே சொல்லி வை, சிரிக்காமல் என்ன மாமா என்று கேட்கட்டும்.

என்றும் உன்
அம்மா ஐறீன்