அப்பாவின் காதை அடைத்த இயர்பட்ஸ்

புவெனவெந்தூரா,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் யூரானிக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். கன்னி மரியாள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், மழையே பெய்யாத அந்த அன்தோஃபகாஸ்தாவில் நீயும் நோய்நொடி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிச் சொல்வது? பக்கத்து வீட்டு லிகியாவின் தம்பி மகன் அங்கே வேலைக்கு வருகிறான், அவன் கையில் தேங்காய் மிட்டாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நீதானே அன்றைக்குச் சொன்னாய், அம்மா, ஒரு பக்கம் தகரத்து மேல மழை, இன்னொரு பக்கம் அப்பாவோட சல்சாப் பாட்டு, நடுவுல நீ பேசுறது ஒண்ணுமே கேக்கல, அவருக்கு நல்ல இயர்பட்ஸா ஒண்ணு வாங்கிக் குடு, பாட்டும் கேக்கட்டும் போனும் பேசட்டும் என்று. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரைக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடையில் மார்யூரி என்று ஒரு பெண், நல்ல பொறுமைசாலி. ஐயாவுக்கு முக்கியமா பாட்டா, போனா என்று கேட்டாள். அவர் பாட்டு என்றார், அதே நேரத்தில் நான் போன் என்றேன். ரெண்டு பேரும் வேற வேற ஆளுக்கு வாங்க வந்தீங்களா என்று சிரித்தாள். முதலில் கொடுத்ததில் பாட்டு நெஞ்சில் போய் இடித்தது, ஆனால் அதை மாட்டிக்கொண்டு லிகியாவுக்குப் போன் போட்டால், யாருப்பா அது, கிணத்துக்குள்ளேர்ந்தா பேசுறீங்க என்கிறாள். அடுத்தது காதில் நிற்கிறதா என்று பார்க்க உன் அப்பா கடை நடுவிலேயே இரண்டு அடி ஆடிக் காட்டினார், கும்பல் கூடிவிட்டது, எனக்கு மானம் போயிற்று, அதுவும் கழன்று விழுந்துவிட்டது. மூன்றாவது, ரப்பர் வைத்துக் காதை அடைக்கிற வகை, வெளிச் சத்தத்தை உள்ளேயே விடாதாம். வாசலில் அவ்வளவு மோட்டார் சைக்கிள் போகிறது, லிகியாவுக்கு அவர் குரல் மட்டும் கணீரென்று கேட்டதாம். பிறகு பாட்டைப் போட்டார், கண்ணை மூடினார். எஸ்னேடா, இந்தப் பாட்டுல பின்னாடி இன்னொரு டிரம்பெட் இருக்குடி, இத்தனை வருஷமா எவனும் எங்கிட்ட சொல்லலியே என்று என்னிடம் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு வேறு எதையும் எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வீடு அமைதியாகிவிட்டது, யூரானி. முதலில் எனக்குச் சொர்க்கமாக இருந்தது. அவர் துறைமுகத்தில் மூட்டை ஏற்றிவிட்டு வந்த காலத்திலிருந்து அந்த மனுஷனுடைய பாட்டுச் சத்தத்தோடே வாழ்ந்தவள் நான், மீன் பொரிகிற சத்தத்தையே அப்போதுதான் சரியாகக் கேட்டேன் என்று வைத்துக்கொள். ஆனால் போகப்போக வீட்டில் ஆளே இல்லாத மாதிரி ஆயிற்று. சோறு ஆறுகிறது என்று கத்தினால் அவர் காதில் விழாது, போய்த் தோளைத் தொட்டால் திடுக்கிட்டு என்னையே முறைப்பார். சத்தமே இல்லாத அறையில் ஒரு வயசான மனுஷன் தனியாக ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும், கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் போய்விடும். அலுத்துப்போய் நானும் கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் பின்கட்டில் துணி துவைக்கையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தேன். பயப்படாதே, இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல்தான், அடுத்த மாதம் மாவுக்கட்டைப் பிரித்துவிடுவார்கள். ஆனால் அப்போது இடுப்பும் பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை. அர்செசியோ, அர்செசியோ என்று உன் அப்பாவைத் தொண்டை வறளக் கூப்பிட்டேன். மழையும் பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே கிடந்தேன், முன்னறையில் அவர் கால் தரையில் தாளம் போடுவது தரை வழியாக எனக்குத் தெரிகிறது, என் குரல் அவருக்குப் போகவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் லிகியாவுக்குக் கேட்டது. ஓடி வந்தவள் முன்கதவை உடைக்கிற மாதிரி தட்டியிருக்கிறாள், உள்ளே தாழ்ப்பாள், அவர் அசையவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கண்ணை மூடி ஆடுகிறார். கடைசியில் அவளுக்குத்தான் அந்த யோசனை வந்தது, அவருடைய போனுக்கே போட்டாள். பாட்டு நின்று மணி அடிக்கவும் எடுத்திருக்கிறார், அவள் குரல் காதுக்குள் போயிருக்கிறது. யோவ் அர்செசியோ, உம் பொண்டாட்டி பின்னாடி விழுந்து கெடக்கா, நீ இங்க யாரோட ஆடிக்கிட்டு இருக்க என்று கேட்டாளாம். ஓடி வந்தவர் என்னைத் தூக்கவும் தெரியாமல், காதில் இருப்பதைக் கழற்றவும் தோன்றாமல், மழையில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். என்ன சொல்ற, என்ன சொல்ற என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நீ கூப்பிட்டபோது நான் பூசைக்குப் போயிருப்பதாகச் சொன்னாரே, அப்போது ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

மறுநாள் லிகியாவை அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். மார்யூரி வேறொன்றைக் காட்டினாளாம், காதுக்குள் நுழையாமல் வெளியே தொங்குகிற வகை. ஐயா, இதுல வெளிச் சத்தம் எல்லாம் கேக்கும், போனுக்கு நல்லா இருக்கும், ஆனா பாட்டுக்கு சுமார்தான் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். ஒரு பாட்டை வைத்துக் கேட்டவர் பாதியில் கழற்றிவிட்டாராம். பொணத்துக்குப் பவுடர் பூசின மாதிரி இருக்கு என்றாராம். பிறகு, சரி, இதையே கட்டிக் குடும்மா என்றாராம். இதெல்லாம் லிகியா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது வேறு தொல்லை. பாத்திரம் உருண்டால் வருகிறார், நான் இருமினால் வருகிறார், கூப்பிட்டியா, கூப்பிட்டியா என்று. துணியும் அவர்தான் துவைக்கிறார், பாதி சோப்பு துணியிலேயே நிற்கிறது. எனக்கு அலுப்பாக இருக்கிறது மகளே, கையும் வலிக்கிறது, வயசும் ஆகிறது. நேற்றுக் காலையில் பின்கட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஏன் என்று தெரியாது, அர்செசியோ என்று கூப்பிட்டேன், சத்தமாகக்கூட இல்லை. பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்து நின்றார். ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன், போங்க என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். நுரை காய்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்.

நீ தெருவில் நடக்கும்போது இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு போகாதே. இராத்திரிச் சாப்பாட்டை ரொட்டியோடு முடித்துக்கொள்ளாதே. தேங்காய் மிட்டாயை உன் கூட இருக்கிற பெண்களுக்கும் கொடு. கடவுள் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், நல்ல மனுஷர்களையே உன் எதிரே அனுப்பட்டும். அப்பாவிடம் பேசும்போது என் கையைப் பற்றித் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. இன்னொன்று, புதிதாக வாங்கியதில் பாட்டு எப்படிக் கேட்கிறது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா எஸ்னேடா