சில்லுக்குள் தேயிலை மணம்

மச்சான்,

இன்று காலை தேரின் வலப்பக்கப் பின்சில்லைக் கழற்றினேன். சக்கரத்தின் இரும்புத் தட்டு வெடித்துப்போயிருந்தது. துருவேறிய புரியாணி ஒன்றை அடித்து வெளியே எடுத்தபோது, கூடவே மெல்லிய மரச்சீவல் ஒன்று விழுந்தது. உளியால் சுரண்டிப் பார்த்தேன். தேயிலை மணம். லேசாகத்தான் வந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தேர்க்கொட்டகையில் அப்படியே குந்தினேன். நீ போய் ஏழு மாரி கழிந்துவிட்டது. பயம் மட்டும் போகவில்லை.

நீ இருந்த காலத்தில் ஒரு வருடம் நம்மூர்ப் பிள்ளையார் தேருக்குப் புதுச் சில்லு செய்யும் வேலை நம்மிருவரிடமும் வந்தது. வேலையை ஒப்புக்கொண்டவன் நான். சில்லு ஒரு சாணுக்கு மேல் தடித்த இலுப்பை. இரு முகத்திலும் இரும்புத் தட்டு வைத்து, எட்டுப் புரியாணிகளால் இறுக்க வேண்டும். அத்தனை தடிப்பை ஒரே பக்கமிருந்து துளைத்தால் துறப்பணம் கோணிவிடும் என்று, இரு பக்கமும் பாதி பாதியாகத் துளைத்து நடுவில் சந்திக்கவைப்பதாக இருந்தோம். அதற்கு எட்டுத் துளையிட்ட மாதிரிப் பலகை ஒன்று தேவைப்பட்டது. அதை வைத்துத்தான் கொல்லனும் தட்டில் துளை போடுவான்.

மாதிரிக்கு எதை எடுப்பது என்று நீ ஒரு கிழமை மினக்கெட்டாய். வேலை முடிந்தால் எறியப்போகிற சாமானுக்கு இந்தப் பாடா என்று நான் உன்னைப் பகிடி பண்ணினேன். சீலைக் கட்டோடு வரும் மட்டையில் துறப்பணம் நாலு சுற்றுச் சுற்றியதும் ஓட்டை வாய்பிளந்தது. மண்ணெண்ணெய்த் தகரம் நெளிந்தது, உன் பெருவிரலையும் கிழித்தது. பனம்பலகை சிராய் சிராயாக எழும்பியது. கடைசியில் பெரியகடையிலிருந்து வெறும் தேயிலைப் பெட்டி ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தாய். மெல்லிய மரத்தாள் மூன்றைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகை. மரம் மழைக்கு ஊதுவது அகலப் பக்கமாகத்தான், இதில் ஒரு தாளின் அகலத்தை மற்றத் தாளின் நீளம் பிடித்துக்கொள்ளும் என்றாய். வாளால் அறுத்தபோது பட்டறை முழுக்கத் தேயிலை மணத்தது.

என் கையில் கோயில் கதவு வேலையில் மிஞ்சிய பலாப்பலகை இருந்தது. அகலமான, மஞ்சள் மாறாத, பார்க்க இலட்சணமான பலகை. நீ இரண்டையும் நாலு நாள் மாரிக் குளிரில் தாழ்வாரத்தில் சாத்திவைத்து, நூல் பிடித்துக் காட்டினாய். பலா ஒரு நெல்லளவு அகன்றிருந்தது. பெட்டிப் பலகை அசையவில்லை.

"ஊதினது வெயிலுக்குச் சுருங்கும் மச்சான். உது வேண்டாம்" என்றாய்.

"ஆரோ மிதிச்சுத் தள்ளின பெட்டி. அதை வைச்சோ பிள்ளையாற்றை சில்லுக்குத் துளை போடப்போறாய்?"

"அளவு மட்டும்தானே சொல்லப்போகுது. அளவுக்கு என்ன துடக்கு, தீட்டு?"

நான் விடவில்லை. நூலை என் கண்ணால் பார்த்தேன், பார்த்தும் விடவில்லை. மார்கழி ஈரத்தில் பலாப்பலகையை வைத்து ஒரு முகத்தைத் துளைத்தோம். இரண்டாவது தட்டுக்கு இரும்பு வரப் பிந்தியதால், மற்ற முகத்தைப் பங்குனி வெயிலில்தான் துளைத்தோம்.

தேருக்கு மூன்று நாள் இருக்கையில் நீ கம்பியை விட்டுப் பார்த்தாய். பலகையின் நார் ஓடிய பக்கத்து இரண்டு துளைகளில் கம்பி நேரே போனது. மற்றவற்றில் இடறியது. அகலப் பக்கத்து இரண்டில் முட்டி நின்றேவிட்டது. நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"சொல்லிப்போடுவம் மச்சான். பழைய சில்லுக்கு வளையம் அடிச்சு, இந்த வருசம் மெல்ல இழுக்கலாம்."

"சொன்னா, இனி ஆர் எங்களை நம்பி வேலை தருவினம்?"

நான் துளைகளை அகட்டி, தட்டின் ஓட்டைகளையும் அராவி நீட்டினேன். புரியாணிகள் போயின, ஆனால் உள்ளே ஆடின. வெளியே ஆணி முனையில் திருகும் பெரிய சுரைகளைப் பூட்டி மறைத்தேன். நீ ஒரு மூலையில் இருந்து அந்தத் தேயிலைப் பெட்டியைச் சீவல் சீவலாகச் சீவி மடியில் கட்டிக்கொண்டாய்.

தேரன்று காலை என் பெண்சாதி, உன் தங்கை, ஈரச் சீலையோடு வந்து நின்றாள். என் நெருப்புக் காய்ச்சல் மாறியதற்கு நேர்ந்துகொண்டாளாம். தேருக்குப் பின்னால் அடியழிக்கப் போகிறாள். விழுந்து கும்பிட்டு, எழுந்து, நாலடி வைத்து மறுபடி விழுவாள். பின்சில்லு விட்டால் தேர் சாய்வது அவள் மேல்தான். போகாதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். என்னத்தைச் சொல்வது? நான் முட்டுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நீ அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

முட்டுக்கட்டை போடுவது நம் போன்ற தச்சு வேலை செய்யும் ஓடாவிமாரின் பொறுப்பு. வலப்பக்கம் நானும் நீயும். வடத்தை இழுத்தார்கள், அரோகரா எழுந்தது, தேர் அசைந்தது. நீ உள்ளங்கையைச் சில்லின் தட்டில் வைத்தபடியே நடந்தாய். நடுக்கம் கைக்குத் தெரியும் என்று முன்பே சொல்லியிருந்தாய். நானும் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரனின் நெஞ்சைத் தொட்டது போல உள்ளே என்னவோ குதித்தது. நான் கையை எடுத்துவிட்டேன்.

கிழக்கு வீதியும் தெற்கு வீதியும் போயின. பின்னால் பெண்கள் விழுந்து எழும்பும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. மேற்கு வீதிக்குத் திருப்பும்போது சில்லுக்குள் கறக் என்றது.

"நிப்பாட்டுங்கோ! வடத்தை விடுங்கோ!" என்று நீ கத்தினாய். சில்லு ஒரு விரல்கடை வெளியே சாய்ந்து நின்றது. நீ தரையில் விழுந்து சில்லுக்கு அடியில் தலையைக் கொடுத்து, சுரையைத் தளர்த்தினாய்.

"கட்டையைப் பிடி மச்சான்!"

கட்டை என் கையில்தான் இருந்தது. மூன்றடி தூரம். கால் வரவில்லை. முன்னுக்குப் போகவில்லை என்பது மட்டுமில்லை, நான் ஒரு அடி பின்னுக்கு வைத்தேன். அதை நீ பார்த்தாய். பார்த்துவிட்டு, கிடந்த கல்லொன்றைக் காலால் இழுத்துச் சில்லுக்குக் கொடுத்து, அதன்மேல் முழங்காலை முண்டுகொடுத்தபடி, மடியிலிருந்த சீவல்களை ஒவ்வொன்றாக ஆணிக்கும் மரத்துக்கும் இடையில் அடித்து இறுக்கினாய். எத்தனை நேரம் என்று தெரியாது.

தேர் சுற்றி முடித்து இருப்புக்கு வந்தது. சில்லு நல்லாய் ஓடியது என்று தர்மகர்த்தா எனக்குச் சால்வை போர்த்தார். நீ கேணியடியில் முழங்கால் இரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் வந்து நின்றேன். நீ நிமிராமல் கேட்டாய்:

"பயந்தனியோ?"

"ஓம்."

"நானும்தான் பயந்தனான்."

என்னை ஏசாமல் விட்டாயே, அதுதான் மச்சான் என்னை இன்றைக்கும் வாட்டுகிறது. அடுத்த வருடங்களில் சில்லைத் திறந்து சரிபார்ப்போம் என்று நீ சொன்னபோதெல்லாம், ஓடுகிறதுதானே என்று தட்டிக்கழித்தேன். பிறகு காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்தாய். ஒவ்வொரு சித்திரையிலும் நான் வடத்தோடு முன்னுக்கு நின்றுகொண்டேன். அந்தச் சில்லுக்குப் பக்கத்தில் போனதே இல்லை.

இன்று சீவலைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தபோது தர்மகர்த்தாவின் மகன் வந்தார். இப்போது கோயில் அவர் பொறுப்பில்.

"உதென்ன ஓடாவியார், தேயிலைப் பெட்டித் துண்டோ?"

மழுப்பியிருக்கலாம். சண்டைக் காலம், இரும்புக்கே ஆள் அலைகிறது, இதை யார் துருவப்போகிறார்கள்? ஆனால் அந்த மணத்துக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை. நூலிலிருந்து பின்னுக்கு வைத்த அடிவரை எல்லாம் சொன்னேன். சால்வை உன்னுடையது என்றும் சொன்னேன். அவர் குனிந்து, நான் அராவி நீட்டிய ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்த முறை மாதிரி எதிலை வெட்டப்போறியள்?"

"பெட்டிப் பலகையிலை."

"கட்டை போடுறது ஆர்?"

"நான்தான். வலப்பக்கம்."

வீட்டுக்கு வந்து உன் தங்கையிடமும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்படியில் குந்தினாள்.

"அதுதானோ அண்ணை அண்டைக்கு என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்தவர்?" என்றாள். பிறகு அழுதாள். நான் பக்கத்தில் இருந்தேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் இந்த வருசமும் அடியழிக்கிறன். நீங்கள் சில்லிலை வைச்ச கையை எடுக்காதேங்கோ" என்றாள்.

தேருக்கு இன்னும் ஆறு கிழமை. பெட்டிப் பலகையில் மாதிரி வெட்டி, புதுச் சில்லின் இரண்டு பக்கமும் ஒரே கிழமையில் துளைக்கப்போகிறேன். உன் சீவல்களில் ஒன்று என் மடியில் இருக்கிறது. எனக்குச் சரியான பயமாக இருக்கிறது, மச்சான். ஆனாலும் சில்லில் கை வைப்பேன்.