மூடிவைத்த வாளி

அன்பு மகள் நோரால்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் நலம், வாழைகளைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். ஹாலந்தில் குளிர் குறைந்ததா, உன் நெஞ்சுச் சளி போயிற்றா? அப்பாவுக்கு முட்டிவலி, ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாலிபாலுக்கு மட்டும் அது இடைஞ்சல் செய்வதில்லை. போனில் பேசினால் என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், அப்பா இதைப் படமெடுத்து அனுப்புவார்.

போன வாரம் நம் சங்கத்தில் பேசு என்றதற்கு நீ சொன்னது மனதிலேயே இருக்கிறது. "அவங்கள்ல பாதிப் பேர் எனக்குக் காலேஜ்ல பாடம் எடுத்தவங்கம்மா, அவங்க முன்னாடி நின்னு நான் என்னத்தச் சொல்றது" என்றாய். மகளே, நம் பள்ளத்தாக்கின் வாழை வல்லுநர் சங்கத்தில் செயலாளராக உட்கார்ந்து அவர்கள் பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்கிறவள் நான். தெரியாத விஷயம் என்று கூச்சப்பட்டு யாரும் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. போன ஆண்டு தலைவர் அப்டோன் மண்ணின் உயிர்த்துடிப்பைப் பற்றிச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசினார். அதில் மண்ணைப் பற்றி என்ன இருந்தது என்று குறிப்பெழுதத் திணறி, கடைசியில் 'உணர்ச்சிகரமாகப் பேசினார்' என்று முடித்துவிட்டேன்.

தெற்கே பெரு நாட்டில் வாழைக்கு வாடல் நோய் வந்ததிலிருந்து எல்லையில் ராணுவம் லாரிச் சக்கரங்களுக்கு மருந்து அடிக்கிறது. அந்த நோயின் பூஞ்சை ஒரு மண்ணில் இறங்கிவிட்டால் நம் ஆயுசுக்கும் அங்கே இந்த வாழை வராது என்று எனக்குச் சொன்னதே நீதான். நம் சங்கமும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பெரிய நீலத் தொட்டி ஒன்றை வாங்கி, கிருமிநாசினி நிரப்பி, பாதிரியாரை விட்டு ஆசீர்வதித்து, ரிப்பன் வெட்டினார்கள். வருடாந்தரத் தோட்டச் சுற்றின்போது தொட்டி வண்டியில் முன்னால் போகும். ஒவ்வொரு வாசலிலும் எல்லோரும் பூட்ஸை அதில் நனைத்துக்கொண்டு உள்ளே போவார்கள், பிறகு அதே தண்ணீர் அடுத்த தோட்டத்துக்குப் போகும். போன முறை மத்தியானத்துக்குள் அது கோகோ நிறத்துக்கு வந்திருந்தது. என்ன இப்படி என்று கேட்டதற்கு, "மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், டிக்னா அம்மா" என்று அப்டோன் விளக்கினார்.

சேறு கலந்தால் சாவது மருந்துதான், பூஞ்சை இல்லை என்று நீ சோதித்துக் கண்டுபிடித்தாய். உன் பேராசிரியரும் சரிபார்த்துவிட்டார். ஹாலந்துக்காரர்களுக்கு அதைப் படம் போட்டு விளக்கினாய், அவர்களும் கைதட்டினார்கள். அவர்களிடம் வாழைத் தோட்டம் கிடையாது.

பக்கத்துத் தோட்டத்து உல்பியோ ஒரு மூலையைக் கயிறு கட்டி அடைத்திருக்கிறார். அப்பா கேட்டதற்கு, "கோழி உள்ள பூந்துருதுப்பா" என்றாராம். உல்பியோவிடம் கோழி இல்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அடியிலைகள் மஞ்சளாகி, மரத்தோடு ஒட்டித் தொங்குகின்றன. "தண்ணி பத்தலை போல" என்கிறார் அப்பா, கார்னிவல் திருவிழாவிலிருந்து விடாமல் மழை. அந்த வழியாகப் போகும் சங்கத்து வேளாண் இன்ஜினியர்கள் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறார்கள். நோய் என்ற சொல்லை முதலில் சொல்கிறவனால்தான் ஏற்றுமதி நின்றது என்று ஊர் சொல்லும், அதனால் வல்லுநர்கள் எல்லோரும் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

வரும் வெள்ளிக்கிழமை சுற்று உல்பியோவின் தோட்டத்தில் காலைச் சாப்பாட்டோடு தொடங்கி நம் தோட்டத்தில் முடிகிறது. நடுவில் யார் யார் தோட்டம் என்று உனக்கே தெரியும். வரிசையை மாற்றலாமே என்றேன். "உல்பியோ மனசு சங்கடப்படும்மா, எவ்வளவு நல்ல மனுஷன்" என்றார் அப்டோன். ஆனால் நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்வது நான். காலையில் சங்க மண்டபத்தில், எல்லோரும் உல்பியோ வீட்டுக்குக் கிளம்பும் முன்னால், வரவேற்புரைக்கு அடுத்து உன் பெயரைப் போட்டிருக்கிறேன். அப்டோன் கையெழுத்தும் ஆகிவிட்டது, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் வழக்கம் அவருக்கு இல்லை. நீ அங்கிருந்தே வீடியோவில் பேச மண்டபத்தில் திரை கட்டியாயிற்று. உனக்கு அப்போது பிற்பகல்.

எடுத்த எடுப்பில் மன்னிப்புக் கேட்காதே, அந்தப் பழக்கம் உனக்கு உண்டு. பெரியவர்கள் மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தால் அவர்கள் மன்னித்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். கண்டதைச் சொல். சேற்றைத் தேய்த்துக் கழுவிய பிறகே நனைக்க வேண்டும், அதைவிட மேல், அந்தந்தத் தோட்டத்து வாசலிலேயே அந்தத் தோட்டத்துப் பூட்ஸை மாட்டிக்கொள்வது, இவ்வளவுதானே. லிசார்தோ இன்ஜினியர் எழுந்து, "நீ எத்தனை ஹெக்டேர் நட்டிருக்கேம்மா?" என்பார். பிஷப்பிடமும் அதையேதான் கேட்டார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் குனிந்து அவரவர் பூட்ஸைப் பார்ப்பார்கள், அந்த நேரத்தில் நீ நிறுத்தாமல் பேசு.

இன்று காலை உல்பியோவின் மனைவி எல்வியா வந்தாள், வெள்ளிக்கிழமை எத்தனை பேருக்குச் சமைப்பது என்று கேட்க. நேராகத் தோட்டத்திலிருந்து, கால் நிறையச் சேறு. உட்காரச் சொல்லி, பிசைந்த வாழைக்காய் உருண்டையும் காப்பியும் கொடுத்தேன். அவள் தொடவில்லை. எழுந்து போகும்போது வாசற்படியில் நின்று, "டிக்னா, உன் பொண்ணு அங்க இலை மஞ்சளாகுறதப் பத்தித்தானே படிக்குது?" என்றாள். ஆமாம் என்றேன். "கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லிராதடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கடவுளும் கன்னித்தாயும் உனக்குத் துணையிருப்பார்கள், கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. வெள்ளிக்கிழமையை மறக்காதே. எல்வியா போனதும் சமையலறைத் தரையைக் கழுவினேன். வழக்கமாக அந்தத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவேன், அது நம் வாழைக்குப் போகும். இன்று ஊற்றவில்லை. வாளியை மூடி முற்றத்தில் வைத்திருக்கிறேன். எங்கே கொட்டலாம் என்று சங்கத்தில் யாரிடமும் கேட்க முடியாது, கேட்டால் எங்கிருந்து வந்த சேறு என்பார்கள். அப்பா அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார், அது என்ன என்று இதுவரை கேட்கவில்லை.

நீ சொல்வதற்காகக் காத்திருக்கும்,
உன் அம்மா
டிக்னா